பொறந்தநாள் கார்ட் விஷயமா பெத்தவங்களுக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களே, வணக்கம்.

நாலாம் ஆண்டு, அஞ்சாம் ஆண்டு பிள்ளைங்க இந்த மாசம் கலைக்கல்வி பாடத்துல பொறந்தநாள் கார்ட் செய்றாங்க, தீம் வந்து மாயாஜால உலகம், படத்த கம்ப்யூட்டர்லயோ போன்லயோ ரெடி பண்ணி பிரிண்ட் எடுத்து, அப்புறம் கையால கலர் அடிச்சு வெட்டி ஒட்டணும். டீச்சர் இத கிளாஸ் குரூப்ல போட்டதுக்கு அப்புறம் எனக்கு நெறைய மெசேஜ் வந்துச்சு, ஒவ்வொருத்தருக்கா பதில் எழுதறத விட எல்லாருக்கும் ஒரே கடிதமா எழுதிடலாம்னு தான் இது.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். போன வருஷம் ஒரு பையன் கொண்டு வந்த கார்ட் கடையில வாங்கின மாதிரியே இருந்துச்சு, டிராகன், கோட்டை, மினுமினுன்னு எழுத்து, எல்லாம் ஒரே பிரிண்ட். "எந்த இடம்பா நீ செஞ்சது"ன்னு கேட்டேன், ரொம்ப நேரம் கார்டையே திருப்பி திருப்பி பாத்துட்டு "மடிச்சது மட்டும் நான், டீச்சர்"னான். அவங்க அப்பா ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து செஞ்சிருக்காரு, பாசம் தான், நான் தப்பு சொல்லல, ஆனா பையனுக்கு அதுல ஒண்ணுமே இல்லாம போச்சே. தயவுசெஞ்சு இந்த தடவ மவுஸ நீங்க புடிங்க, கத்திரிக்கோல அவங்க கையில குடுங்க.

படம் எங்க எடுக்கறதுன்னு தான் நெறைய பேர் கேட்டிருந்தீங்க. எனக்கு ரொம்ப புடிச்ச வழி, பிள்ளையே வெள்ளத்தாள்ல கருப்பு பேனாவால வரையறது. அத ஜன்னல் பக்கத்துல பகல் வெளிச்சத்துல வெச்சு ஸ்கேன் ஆப்ல புடிச்சீங்கன்னா கோடு நல்லா கருப்பா வரும், அதையே நாலு காப்பி பிரிண்ட் எடுத்துக்கலாம். கையால நேரா அட்டையில வரையற பிள்ளைக்கு ஒரு பயம் இருக்கும் பாருங்க, கலர் வெளிய போயிட்டா எல்லாம் பாழ்னு, அந்த பயத்துல ஓரத்துல மட்டும் லேசா தடவிட்டு விட்டுரும். நாலு காப்பி கையில இருந்தா ஒண்ணு கெட்டா இன்னொண்ணு, கொரங்குக்கு நீல கலர் அடிச்சு பாக்கலாம், சிங்கத்துக்கு ரெக்கை ஒட்டி பாக்கலாம். டிஜிட்டல்னு நாம சொல்றதுல பிள்ளைங்களுக்கு உண்மையான லாபம் இது தான்னு நான் நெனைக்கிறேன்.

அப்புறம் மாயாஜாலம்னாலே யூனிகார்ன் தான்னு நெறைய பிள்ளைங்க நெனச்சுட்டு இருக்காங்க, யூனிகார்ன் வரைஞ்சா வரையட்டும், ஆனா நம்மகிட்டயும் என்னென்ன இருக்குன்னு தெரியட்டுமே. சிங்க ஒடம்புல யான தும்பிக்கையோட நிக்கற யாளி, பாலையும் தண்ணியையும் பிரிச்சு குடிக்கும்னு சொல்ற அன்னம், பொம்பள மொகம், பசு ஒடம்பு, ரெக்கை, மயில் தோகையோட வர்ற காமதேனு, இத விட என்ன ஃபேன்டசி வேணும்? 1833ல கட்டின நம்ம பினாங்கு குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்கு போறவங்க, சாமி கும்பிட்டதும் அப்படியே வண்டிய எடுக்காம, பிள்ளைய கோபுரத்துக்கு கீழ நிக்க வெச்சு அண்ணாந்து பாக்க சொல்லுங்க. பத்து நிமிஷம் போதும்.

இன்டர்நெட்ல இருந்து எடுக்கறதா இருந்தா கவனமா எடுங்க. டிஜிட்டல் ஸ்டாம்ப்னு, அதாவது பிரிண்ட் எடுத்து கலர் அடிக்கற கோட்டுப்படம்னு, காசு குடுத்து வாங்கற படத்துக்கு பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு தான் லைசன்ஸ் இருக்கும், நாம வாங்கின ஃபைல கிளாஸ் குரூப்ல போட்டு நாப்பது பேருக்கு அனுப்ப அதுல எடம் இல்ல. போன வாரம் ஒருத்தர் நல்ல மனசோட தான் அனுப்பியிருந்தாங்க, அத எடுத்துட சொல்லி கேட்டுக்கிட்டேன், யாரும் மனசுல வெச்சுக்க வேணாம். நம்ம மலேசியாவுல 1987 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் இருக்கு. அது இல்லன்னாலும், யாரோ ஒருத்தர் உக்காந்து வரைஞ்ச படம்னு பிள்ளைக்கு நாம தானே சொல்லணும். கேண்டீன் டேயில, அதாவது ஸ்கூல்ல கடை போட்டு விக்கற நாள்ல, கார்ட் விக்கலாமான்னு கேட்டவங்களுக்கும் சொல்றேன், பிள்ளைங்க சொந்தமா வரைஞ்சதுன்னா தாராளமா விக்கலாம், கார்ட்டூன் கேரக்டர் வேணாம்.

இப்ப பிரிண்ட் விஷயம், இதுல தான் போன தடவ அழுக. வீட்டு இங்க்ஜெட்ல எடுத்த பிரிண்ட் மேல தண்ணி கலர் பென் பட்டா பெரும்பாலும் கோடு கரையும். ஒரு பொண்ணு யாளிக்கு கடைசியா கண்ணு மட்டும் பாக்கி வெச்சிருந்தா, பச்ச பென்னால ஒரு தொடு தான் தொட்டா, கருப்பு கோடு கரைஞ்சு கன்னம் வரைக்கும் வழிஞ்சிருச்சு, அவ விரல வெச்சு தொடைக்க தொடைக்க மொகம் பூரா சாம்பலாயிருச்சு. லேசர் பிரிண்ட்ல இந்த தொல்ல இல்ல, அதுல மை கெடையாது, பவுடர சூட்டுல உருக்கி தாள்ல ஒட்ட வைக்குது, தண்ணிக்கு அசையாது. அதனால போட்டோஸ்டெட் கடையில லேசர்ல எடுத்துருங்க. வீட்டு இங்க்ஜெட் தான் இருக்குன்னா கலர் பென்சில் இல்ல கிரெயான் போதும், அதுவும் பினாங்கு புழுக்கத்துல மை காய நேரமாகும், ராத்திரி எடுத்து வெச்சு காலையில கலர் அடிக்கட்டும். ஸ்பிரிட் வாட அடிக்கற மார்க்கர் வெச்சிருந்தா லேசர் கோட்டையும் அது கலைக்கலாம், ஓரத்துல ஒரு எடத்துல தேச்சு பாத்துட்டு அடிங்க.

கடைக்கு படத்த அனுப்பும்போது வாட்சப்ல போட்டோவா அனுப்பாதீங்க, அது படத்த சுருக்கிடும், பிரிண்ட்ல ஓரமெல்லாம் பொரபொரன்னு வரும். டாகுமென்டா அனுப்புங்க. ஏ4 தாள ஒரு மடிப்பு மடிச்சா முன் பக்கம் 148க்கு 210 மில்லிமீட்டர், அந்த பக்கம் பூரா படம் தெளிவா வரணும்னா 1748க்கு 2480 பிக்சலாவது வேணும். படத்த மட்டும் வெட்டி ஒட்டறதுக்கு அவ்வளவு வேண்டியதில்ல.

மணிலா அட்டையில நேரா பிரிண்ட் எடுக்க பாக்காதீங்க, வீட்டு பிரிண்டர்ல மாட்டிக்கும். சாதா 80 ஜிஎஸ்எம் தாள்ல எடுத்து, கலர் அடிச்சு, வெட்டி, அட்டை மேல ஒட்டுங்க, வெள்ள கம் போட்டா தாள் சுருங்கும், குச்சி கம் நல்லது. அட்டைய மடிக்கறதுக்கு முன்ன மை தீந்த பேனாவ ஸ்கேல் வெச்சு அழுத்தி ஒரு கோடு இழுங்க, மடிப்பு சுத்தமா வரும், இல்லன்னா மடிச்ச எடம் பிஞ்சு நார் நாரா தெரியும். யாளி மட்டும் கார்ட்ல இருந்து எழும்பி நிக்கணும்னா பின்னால சின்ன சின்ன அட்டைத்துண்டு மூணு நாலு அடுக்கி ஒட்டிட்டு அது மேல படத்த வைக்கலாம், காசு குடுத்து ஸ்பாஞ்ச் டேப் வாங்க தேவையில்ல. கவர் சி5 சைஸ் சரியா இருக்கும்.

உள்ள எழுதறது மட்டும் கண்டிப்பா கையெழுத்து, தமிழ்ல. சில ஆப்ல தமிழ் டைப் பண்ணா கொம்பு தனியா காலு தனியா பிரிஞ்சு நிக்குது, அத அப்படியே பிரிண்ட் எடுத்து குடுக்கறத பாக்க எனக்கு மனசு வலிக்குது. நம்ம ஸ்கூல்ல வாழ்த்துகள்னு தான் சொல்லித் தரோம், நடுவுல க் கெடையாது, வீட்டுல மாத்தி சொல்லிட வேணாம்.

யாருக்கு கார்ட்ங்கறது பிள்ளையோட இஷ்டம். நேத்து ஒரு பொண்ணு ஆபிஸுக்கே வந்துட்டா, பாட்டிக்கு செய்யணும், ஆனா பாட்டிக்கு பொறந்தநாள் எப்பன்னு வீட்டுல யாருக்கும் தெரியலயாம். ஐசி (அடையாள அட்டை) நம்பரோட மொத ஆறு எண்ணே பொறந்த வருஷம், மாசம், தேதி தான்னு சொல்லி அனுப்பினேன். அந்த காலத்துல எஸ்டேட்ல பொறந்தவங்களுக்கு ஐசியில இருக்கற தேதி குத்துமதிப்பா போட்டதா கூட இருக்கலாம், பரவால்ல, அந்த தேதிக்கே செய்யட்டும். இன்னிக்கு காலையில மறுபடி வந்து சொன்னா, பாட்டியோடது அடுத்த மாசமாம், காமதேனு தான் வரையப் போறாளாம், தோகைக்கு நெறைய பச்ச வேணும்னு கேட்டு வாங்கிட்டு போயிருக்கா.

வெள்ளிக்கிழமை கார்ட கொண்டு வர சொல்லுங்க, முடிஞ்சது முடியாதது எப்படி இருந்தாலும் பரவால்ல, மீதிய கிளாஸ்ல உக்காந்து முடிப்பாங்க. பிரிண்ட் எடுக்க வசதி இல்லாதவங்க புதன்கிழமைக்குள்ள படத்த டீச்சருக்கு அனுப்பிடுங்க, ஸ்கூல் ஆபிஸ்ல எடுத்து தரோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்