ரகுவரன் குரல் எடுக்கும் மிமிக்ரி கலைஞர்களுக்கு

அன்புள்ள மேடைக் கலைஞர்களே, வணக்கம்.

போன சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் உங்களில் ஒருவரைப் பார்த்தேன். யார் என்று சொல்லப் போவதில்லை. இரவு மணி பதினொன்று இருக்கும். சிவாஜி, எம்.ஆர்.ராதா, நம்பியார், ஜனகராஜ் எல்லாரும் வந்து போயிருந்தார்கள். அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். நெற்றியில் விழாத முடியை ஒதுக்கினார். காலரைத் தூக்கிவிட்டார். மைக்கில் ஒரு நீளமான மூச்சு. அவ்வளவுதான், என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன் "ரகுவரன்!" என்று கத்திவிட்டான்.

ரகுவரன் இறந்தது 2008 மார்ச் 19இல். அப்போது வயது 49. இந்தப் பையன் பிறந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. அவர் நடித்த ஒரு படத்தையாவது அவன் முழுதாகப் பார்த்திருப்பானா என்பதே சந்தேகம். உங்கள் புண்ணியத்தில்தான் அவனுக்கு அவரைத் தெரிந்திருக்கிறது. அதற்கு முதலில் ஒரு பெரிய கும்பிடு.

அப்புறம் அந்தக் கலைஞர் திரும்பி, "ஐ நோ" என்றார். இன்னொரு "ஐ நோ". இன்னும் கொஞ்சம் சத்தமாக இன்னொன்று. கடைசியில் தொண்டை கிழியக் கத்தி முடித்தார். விசில் பறந்தது. உடனே அடுத்த குரலுக்குத் தாவிவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாக எந்த மேடையிலும், எந்த டிவி நிகழ்ச்சியிலும், உங்களில் யார் ரகுவரன் எடுத்தாலும் இந்த ஒரே பிட்தான். இந்த மடல் அதைப் பற்றித்தான்.

அந்த வசனம் வந்த படம் 'புரியாத புதிர்', 1990. கே.எஸ்.ரவிகுமார் இயக்கிய முதல் படம். மனைவியைச் சந்தேகிக்கும் கணவனாக ரகுவரன். அந்தக் காட்சியைத் தயவுசெய்து இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு. நீங்கள் அதை மாடிப்படி ஏறுவது மாதிரி செய்கிறீர்கள்: கீழே தொடங்கி மேலே முடியும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு "ஐ நோ" கிண்டலாக இருக்கும். ஒன்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. ஒன்றில் அழுகை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். ஏறுவார், சட்டென்று இறங்குவார், இறங்கிய இடத்தில்தான் பயமாக இருக்கும். நீங்கள் எடுத்துக்கொண்டது சத்தத்தை மட்டும். இறக்கங்களை விட்டுவிட்டீர்கள்.

எனக்கு அவரை முதலில் காட்டியது சினிமா இல்லை, தூர்தர்ஷன். எண்பதுகளில் நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். எட்டு வீட்டுக்கு ஒரு கறுப்பு வெள்ளை டிவி, அதுவும் வீட்டுக்காரர் வீட்டில். அதில் 'ஒரு மனிதனின் கதை' என்ற தொடர் வந்தது. சிவசங்கரி எழுதிய நாவல். நல்ல வேலை, நல்ல மனைவி என்று இருக்கும் தியாகு, குடியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் கதை. தியாகுவாக ரகுவரன். அதுவரை சினிமாவில் நாங்கள் பார்த்த குடிகாரர்கள் எல்லாம் தள்ளாடுவார்கள், தத்துவம் பேசுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். இவர் ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடி டம்ளரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கேள்வி கேட்கும்போது பதில் சொல்வதற்கு முன்னால் அரை நொடி எடுத்துக்கொண்டார். அந்த அரை நொடியிலேயே அவர் பொய் சொல்லப் போகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் குடித்தனத்தில் கடைசி வீட்டில் ஒருவர் இருந்தார். அச்சகத்தில் வேலை, தினமும் குடித்துவிட்டுத்தான் வருவார். இந்தத் தொடர் வரும் நாளில் உள்ளே வர மாட்டார். ஜன்னலுக்கு வெளியே இருட்டில் நின்று பார்ப்பார், பீடி நெருப்பு மட்டும் தெரியும். பாதியில் போய்விடுவார். ஒரு நாளும் முடியும்வரை நின்றதில்லை. எதற்குப் போகிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. என் அம்மாவுக்குப் புரிந்தது. "அவருக்குச் சுடுதுடா" என்றார்.

அதே கதை பிறகு 'தியாகு' என்று எஸ்.பி.முத்துராமன் இயக்கத்தில் சினிமாவாகவும் வந்தது, 1990இல், அதிலும் ரகுவரன்தான். ஆனால் என் மனசில் நிற்பது அந்தப் பெட்டிக்குள் பார்த்த தியாகு. ரகுவரனின் சொந்த வாழ்க்கையையும் இந்த வேடத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். நான் அந்தப் பேச்சுக்கே போகவில்லை. நடித்தவருக்குக் கிடைக்க வேண்டிய பெயரை அந்தப் பேச்சு பறித்துக்கொள்கிறது.

சரி, உங்கள் பக்க நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு குரலுக்கு உங்களுக்குக் கிடைப்பது நாற்பது நொடி. பின்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருப்பவனுக்கும் அந்த நாற்பது நொடியில் புரிந்தாக வேண்டும். மெதுவாகப் பேசினால் கூட்டம் சலசலக்கும், ஆர்கெஸ்ட்ராக்காரர் கையைக் காட்டுவார். 'அஞ்சலி' அப்பாவை எப்படி மேடையில் செய்வது? பிறந்த குழந்தை இறந்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, உயிரோடு இருக்கும் மகளை ரகசியமாகப் போய்ப் பார்த்து வருகிற மனிதர் அவர். அந்தப் படத்தில் பாதி நேரம் அவர் பேசவே இல்லை, சுமந்துகொண்டிருக்கிறார். சுமையை மிமிக்ரி செய்ய முடியாதுதான். ஒப்புக்கொள்கிறேன்.

'லவ் டுடே'யில் மகனின் காதலைக் கேட்டுவிட்டுத் தோழன் மாதிரி பேசுகிற அப்பா, 'முகவரி'யில் தம்பி இசையமைப்பாளர் ஆகும்வரை வீட்டைத் தாங்கிப் பிடிக்கிற அண்ணன், 'ரன்' படத்தில் அக்கா வீட்டுக்காரர் எல்லாம் அதே கஷ்டம்தான். 'யாரடி நீ மோகினி' அவர் போன பிறகு, 2008 ஏப்ரலில் வந்தது. மகனுக்காகப் பெண்ணிடம் போய்ப் பேசுகிற அப்பா. தியேட்டரில் அவர் திரையில் வந்தபோது யாரும் விசில் அடிக்கவில்லை. எனக்குப் பின்னால் யாரோ "அடடா" என்றார்கள்.

ஆனால் சத்தமே போடாமல் மிரட்டிய வேடங்களும் இருக்கின்றனவே? தெலுங்கில் ராம் கோபால் வர்மாவின் 'சிவா'வில், தமிழில் 'உதயம்' என்று வந்ததே, பவானி என்ற ரவுடி. கத்துகிற வேலையை அடியாட்களிடம் விட்டுவிட்டு அவர் நிதானமாக இருப்பார். தமிழ் சினிமா வில்லன் மேசையைத் தட்டாமலும் பயமுறுத்தலாம் என்று எனக்குத் தெரிந்தது அந்தப் படத்தில்தான். 'முதல்வன்' பேட்டிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் அரங்கநாதன் கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் மாதிரி வந்து உட்காருகிறார். கேள்விகள் இறுக இறுக அந்த மரியாதை ஒவ்வொரு பொத்தானாகக் கழன்று விழுகிறது. "நீ ஒரு நாள் இருந்து பார்" என்கிற இடத்துக்கு அவர் வந்து சேரும்போது பேசுவது முதலமைச்சர் இல்லை, சீண்டப்பட்ட ஒரு ஆள். அந்த வழுக்கல் முழுவதும் குரலில்தான் நடக்கிறது. உங்கள் தொழிலுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

அவர் செய்தது எல்லாமே தங்கம் என்று சொல்ல நான் வரவில்லை. தொண்ணூறுகளில் அவர் தலையில் கட்டிய வில்லன் வேடங்களில் பாதி ஒரே அச்சில் வார்த்தவை. கறுப்புக் கண்ணாடி, கோட்டு, சுற்றிலும் துப்பாக்கி. 'பாட்ஷா'வின் மார்க் ஆண்டனிக்குக் கிடைத்த எழுத்து மற்ற வேடங்களுக்குக் கிடைக்கவில்லை, அவரும் சில படங்களில் நேரத்துக்கு வந்து வசனத்தைச் சொல்லிவிட்டுப் போன மாதிரித்தான் இருக்கும். (1995இல் ரஜினியின் உயிரை வாங்கப் பார்த்த அதே ஆள், 2007இல் 'சிவாஜி'யில் டாக்டராக வந்து அவர் உயிரை மீட்டுக் கொடுப்பார். இதை வைத்தே ஒரு பிட் போடலாம், இலவசமாகத் தருகிறேன்.) கதாநாயகனாக அவரை வைத்து எடுத்த படங்களும் பெரும்பாலும் அவருக்குப் பொருந்தவில்லை. ஆனால் முதல் படமே கதாநாயகன்தான்: 1982இல் ஹரிஹரன் இயக்கிய 'ஏழாவது மனிதன்', பாட்டெல்லாம் பாரதியார் பாட்டு. அங்கிருந்து புறப்பட்டவரைத் தமிழ் சினிமா எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நினைத்தால் கொஞ்சம் கோபம் வரும்.

மலையாளத்தில் லெனின் ராஜேந்திரன் அவரைச் சரியாகப் பயன்படுத்தினார். எம்.முகுந்தனின் நாவலை வைத்து 1992இல் எடுத்த 'தைவத்தின்டே விக்ருதிகள்'. பிரெஞ்சுக்காரர்கள் மாஹேயை விட்டுப் போன பிறகும் போக மறுக்கிற அல்போன்ஸ் என்ற மந்திரவாதி, அதாவது மேஜிக் வித்தைக்காரர். ஊரே கைவிட்டுவிட்ட பிறகும் வித்தை காட்டிக்கொண்டிருக்கிற அந்த நெடிய உருவத்தை மேடைக் கலைஞர்களான நீங்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

இப்போது நான் கேட்க வந்த விஷயம். 'சம்சாரம் அது மின்சாரம்', 1986. மூத்த மகன் சிதம்பரம். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட வீட்டுக்கு அதிகமாகப் போய்விடக் கூடாது என்று கணக்குப் பார்க்கிற ஆள். அப்பா அம்மையப்ப முதலியாராக விசு. வீட்டுக்கு நடுவில் கோடு விழுகிற வரைக்கும் போகிற சண்டை. அப்போது ரகுவரனுக்கு வயது 27தான். விசு ஒரே மூச்சில் அருவி மாதிரி கொட்டுவார், ரகுவரன் சில்லறையை எண்ணி வைக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைப்பார். கோபமே இல்லாத அந்த நிதானம்தான் அப்பாவை இன்னும் எரிய வைக்கும். விசு குரல் உங்களுக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ரகுவரன் குரலும் கையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மைக்கில், ஒரே மூச்சில் மோத விட்டால் எப்படி இருக்கும்? இடது பக்கம் திரும்பினால் அருவி, வலது பக்கம் திரும்பினால் சில்லறை. கூட்டம் எழுந்து போகாது, நான் பொறுப்பு. நம் ஜனங்களுக்கு அப்பா மகன் பணச் சண்டையைவிடச் சுவாரஸ்யமானது வேறு எது?

நாற்பது நொடி போதாது என்றால் "ஐ நோ"வை ஒரு வருஷம் விட்டுவிட்டு அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள். எங்கள் ஊர்த் திருவிழா அடுத்த சித்திரையிலும் உண்டு, பாட்டுக் கச்சேரியோடு மிமிக்ரியும் உண்டு. நான் வழக்கம்போல் முன்வரிசையில் பாயோடு வந்துவிடுவேன். அந்தப் பையன் அடுத்த தெருதான், அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
முதல் "ஐ நோ"வுக்கே கைதட்டிவிடும் ஒரு ரசிகன்