டெசர்ட் ஷீல்டு கார்டு சேர்க்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில், ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் கார்டு சேர்க்கும் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

நம்மில் பலர் பிள்ளைகளுக்காக இதில் இறங்கியவர்கள். பிள்ளைகள் வளர்ந்து வேறு பக்கம் போன பிறகும் நம்மால் விட முடியவில்லை. இன்னும் சிலர் பங்கு வாங்குவதுபோல விலை பார்த்து வாங்கி விற்கிறீர்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பேச்சு, வளைகுடாவில் இருந்த அமெரிக்க வீரர்களுக்கு டாப்ஸ் என்ற கார்டு நிறுவனம் அனுப்பிய 1991 டெசர்ட் ஷீல்டு கார்டுகளைப் பற்றி மட்டும். கேட்பதும் ஒன்றுதான்: ஒரு கார்டு உங்கள் கைக்கு வரும்போது, அது எந்தச் சிப்பாயின் கையில் இருந்தது என்று விசாரித்து எழுதி வையுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் படை குவைத்துக்குள் புகுந்தது. ஒரு வாரத்துக்குள் அமெரிக்கப் படைகள் சவுதி அரேபியாவில் இறங்கத் தொடங்கின. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர்தான் டெசர்ட் ஷீல்டு, பாலைவனக் கேடயம். 1991 ஜனவரி 17-இல் தாக்குதல் தொடங்கியதும் பெயர் டெசர்ட் ஸ்டார்ம் என்று மாறியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அந்தப் பகுதியில் இருந்தார்கள். போரை விடக் காத்திருப்புதான் நீளம். மணலில் கூடாரம், பகலில் சாயாத வெயில், குடிக்க பியர்கூடக் கிடையாது. படைத் தலைமையே மதுவுக்குத் தடை போட்டிருந்தது. ஊரிலிருந்து தபால் மூட்டை வந்த நாள்தான் அவர்களுக்குத் திருநாள்.

அவர்களுக்காகத்தான் டாப்ஸ் தன் 1991 செட்டின் 792 கார்டுகளிலும் வலது மேல் மூலையில் தங்க நிற ஃபாயிலில் ஒரு சின்ன முத்திரை குத்தி அனுப்பியது. கேடயம், அதற்குள் ஒரு ஈச்சமரம். படமும் வண்ணமும் பின்பக்கப் புள்ளிவிவரமும் எல்லாம் கடையில் விற்ற அதே கார்டுதான். வித்தியாசம் அந்த முத்திரை மட்டும்.

கடையில் விற்றதை அவர்கள் அளவே இல்லாமல் அச்சடித்தார்கள். அந்தக் காலத்துக் கார்டுகள் மலைபோலக் கிடப்பதால்தான் இன்றும் முழு செட்டை ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுச் செலவில் வாங்கிவிடலாம். முத்திரை குத்தியதோ ஒவ்வொரு கார்டிலும் 6,000 முதல் 7,000 வரை இருக்கும் என்பது சேகரிப்பவர்களிடையே புழங்கும் மதிப்பீடு. அதில் எத்தனை பாலைவனத்தைத் தாண்டித் திரும்பியிருக்கும்? முதுகு மூட்டையில் துப்பாக்கிக்கும் தண்ணீருக்கும் நடுவே காகித அட்டைக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? ஆளில்லாக் கூடாரத்தில் விட்டுவந்தவை எத்தனை, வெயிலில் வளைந்து குப்பைக்குப் போனவை எத்தனை? சில பெட்டிகள் கடலே தாண்டவில்லை, உள்ளூரிலேயே கைமாறிவிட்டன என்றும் ஒரு பேச்சு நெடுநாளாக உண்டு. அது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாக்கெட்டைப் பிரித்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

(இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே 1991-இல் டாப்ஸ், டெசர்ட் ஸ்டார்ம் என்ற பெயரில் டாங்கியும் போர் விமானமும் தளபதிகளும் இருக்கும் ஒரு செட்டையும் கடைகளில் விற்றது. அது வேறு, மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. பெயர் குழப்பத்தில் அதற்குப் பெரும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.)

எல்லோரும் தேடும் கார்டு 333-ஆம் எண், சிப்பர் ஜோன்ஸ். இளம் ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 1990 டிராஃப்டில் முதல் ஆளாக அட்லாண்டா பிரேவ்ஸ் அணி எடுத்த பையன். அந்த ஆண்டு அவருக்கு வயது 18. கூடாரத்தில் பாக்கெட்டைப் பிரித்தவர்களில் பலருக்கு ஏறக்குறைய அதே வயதுதான் இருந்திருக்கும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவர்கள். அந்தப் பையனை அன்றைக்கு யாருக்குத் தெரியும்? அன்றைய நட்சத்திரங்களான நோலன் ரயனைத் தெரியும், கென் கிரிஃபி ஜூனியரைத் தெரியும். 2018-இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போன சிப்பர் ஜோன்ஸைத் தெரியாது. அதனால் அந்தக் கார்டைப் பத்திரப்படுத்தியவர்கள் குறைவு. இன்றைக்கு அது, கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் (கிரேடு) போடும் பி.எஸ்.ஏ. நிறுவனத்திடம் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தால் பல ஆயிரம் டாலர். முத்திரை இல்லாத அதே கார்டின் விலையோ சொற்பம்.

இந்த இடைவெளியில்தான் போலி நுழைகிறது. சாதாரண 1991 கார்டு வேண்டிய மட்டும் கிடைக்கிறது. சூட்டில் ஃபாயிலை அழுத்தும் ஒரு அச்சு இருந்தால் போதும். கார்டு அசல், முத்திரை மட்டும் போலி. அட்டையின் தடிமனை அளந்தாலும், அச்சுப் புள்ளிகளை லென்ஸில் பார்த்தாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

நானும் ஏமாந்தேன். கிரிஃபி கார்டு ஒன்றை ஸ்லாப் (கிரேடு போட்ட கார்டை மூடிவைக்கும் பிளாஸ்டிக் பெட்டி) இல்லாமல், இணையத்தில் ஒருவரிடம் 380 டாலருக்கு வாங்கினேன். "எங்கள் மாமா வளைகுடாவில் இருந்தவர்" என்று ஒரே வரி எழுதியிருந்தார். எந்த மாமா, எந்த முகாம், எந்த மாதம் என்று நான் கேட்கவே இல்லை. கிரேடிங்குக்கு அனுப்பினேன், முத்திரை உண்மையானதல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் ராத்திரி சமையலறை மேசையில் விளக்கைச் சாய்த்து வைத்து, அதையும் என்னிடமிருந்த, யாரும் தேடாத ஒரு சாதாரண ஆட்டக்காரரின் நல்ல கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நல்ல கார்டில் ஈச்ச ஓலைகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தன. மற்றதில் ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, உருகிய மெழுகு மாதிரி இருந்தன. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. விலை குறைந்த சாதாரண கார்டு ஒன்றை நம்பகமான இடத்தில் வாங்கி மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படி விலை குறைந்த கார்டுக்குப் போலி முத்திரை குத்த யாரும் பெரும்பாலும் மெனக்கெடுவதில்லை.

அந்த கிரிஃபியை "வந்த விலைக்கு வேறு யாரிடமாவது தள்ளிவிடுங்கள்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, நான் நட்டப்படுவது பொறுக்காமல் சொன்னார். நான் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் 'போலி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி டிராயரில் போட்டுவிட்டேன். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். அது உங்களோடு நிற்கட்டும்.

அதற்குப் பிறகு வாங்கும் விதத்தை மாற்றினேன். போன ஆண்டு ஒரு சின்ன கார்டு கண்காட்சியில், ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு முன்னாள் வீரரைச் சந்தித்தேன். ராணுவத்தில் லாரி ஓட்டியவர், மிச்சிகன்காரர். பழைய சுருட்டுப் பெட்டியில் 31 கார்டுகள் வைத்திருந்தார். ரப்பர் பேண்டு போட்டு வைத்து வைத்து, மேலே இருந்த கார்டின் இரு ஓரத்திலும் பள்ளம் விழுந்திருந்தது. முத்திரையின் தங்கப் பூச்சுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபோது ஒரு விஷயம் உறைத்தது: அத்தனையும் மிச்சிகனின் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி. வேறு அணியின் ஆள் ஒருவர்கூட இல்லை.

காரணம் கேட்டேன். லாரியின் பின்பக்கத்தில் நின்றுகொண்டு சார்ஜென்ட் ஆளுக்கு இரண்டு பாக்கெட் வீசினாராம். பிரித்ததும் கூடாரத்தில் பண்டமாற்று தொடங்கிவிட்டது. டெக்சஸ்காரனுக்கு டெக்சஸ், சிகாகோக்காரனுக்கு சிகாகோ. இவர் டைகர்ஸின் செசில் ஃபீல்டர் ஒருவருக்காக ஆறு கார்டு கொடுத்தாராம். முந்தைய சீசனில் 51 ஹோம் ரன் அடித்தவர் ஃபீல்டர். ஊர்க்காரனுக்கு அதைவிடப் பெரிய பொருள் ஏது? கொடுத்த ஆறில் யார் யார் இருந்தார்கள் என்று அவருக்கு நினைவில்லை. "யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் படம்கூட இருந்தது" என்றார். சிப்பர் ஜோன்ஸாக இருக்குமோ என்று எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர் அதைப் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை. ஃபீல்டர் கார்டை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மேலே வைத்தார்.

நண்பர்களே, இந்த 31 கார்டையும் கிரேடிங்குக்கு அனுப்பினால் பத்துக்கு மூன்றோ நான்கோதான் கிரேடு கிடைக்கும். ஓரத்துப் பள்ளமும் மழுங்கிய மூலையும் அங்கே குறை மட்டும்தான். ஸ்லாப் லேபிளில் ஆண்டு, பெயர், கிரேடு, சான்றிதழ் எண் இருக்கும். லாரியும் சார்ஜென்ட்டும் ஆறுக்கு ஒன்று என்ற பேரமும் இருக்காது. ஆனால் அந்தப் பேச்சில்தானே நமக்குத் தேவையானது இருக்கிறது? பாக்கெட் எப்படி வந்தது, எங்கே, எந்த மாதம், ஒரு பிரிவுக்கு எத்தனை பெட்டி. இப்படி நூறு பேர் சொன்னதை ஒன்றாக வைத்துப் பார்த்தால், கடல் தாண்டாத பெட்டிகள் பற்றிய பேச்சு மெய்யா பொய்யா என்பதும் தெளியும். "எங்கள் மாமா" என்று ஒரு வரியில் கதை விடுபவனும் அடுத்த கேள்விக்குத் தடுமாறுவான். அன்று 19 வயதில் இருந்தவர்களுக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதிகாரிகளாக இருந்தவர்களில் பலர் இப்போது இல்லை.

இங்கே கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுக்களிலேயே, "வெட்ரன் ஒருவரிடம் சிப்பர் ஜோன்ஸை ஐந்து டாலருக்கு அமுக்கினேன்" என்று படம் போட்டு, கீழே கைதட்டல் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். விலை தெரியாத மனிதரிடம் விலையைச் சொல்லாமல் வாங்குவது வியாபாரத் திறமை இல்லை. நம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் யாராவது அப்படிச் செய்தால் நாம் என்ன பெயர் சொல்லித் திட்டுவோமோ, அதே பெயர்தான் இதற்கும். முதலில் இன்றைய விலையைக் காட்டுங்கள். அப்புறம் பேரம் பேசுங்கள். உண்மை விலை பிற்பாடு தெரியவந்தால் அவர் இன்னொரு சேகரிப்பாளரிடம் வாய் திறக்கவே மாட்டார். பெட்டியோடு கதையும் மூடிக்கொள்ளும்.

எழுதுவது பெரிய வேலை இல்லை. கார்டு அளவு சீட்டு ஒன்று. பிரிவு, முகாம் இருந்த இடம், பாக்கெட் வந்த மாதம், யார் கொடுத்தார், எத்தனை பாக்கெட், எதற்காக இதை வைத்துக்கொண்டார். பெயர் போடலாமா என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சீட்டைக் கார்டின் பின்னால் அதே உறையில் வையுங்கள், ஒரு நகல் தனியாக இருக்கட்டும். ஸ்லாபில் இருந்தால் சான்றிதழ் எண்ணைச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். விற்கும்போது சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். நினைவில்லை என்று அவர் சொன்னால் 'நினைவில்லை' என்றே எழுதுங்கள், நாமாக எதையும் இட்டு நிரப்ப வேண்டாம்.

அந்த மிச்சிகன்காரர் ஃபீல்டரை மட்டும் தரவில்லை. மற்ற 30-ஐயும் அன்றைய விலைக்கு எனக்குக் கொடுத்தார், ரப்பர் பேண்டோடு. முப்பதுக்கும் சீட்டு எழுதியாயிற்று. அதற்கு முன்னால் வாங்கிய 184 கார்டுகளுக்கு விற்றவர்களை இப்போது ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது பேர் பதில் எழுதியிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்