அந்த 'மக்கள்' பட்டியலில் என் தாத்தா இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெள்ளைக்காரர் காலத்து மிதவாதத் தலைவர் சீனிவாச சாஸ்திரியார் பற்றிய கட்டுரையை, அவர் பிறந்த வலங்கைமானுக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் ஆசையாகப் பிரித்தேன். "1920-இல் சென்னை மாகாண மக்கள் அவரை கவுன்சில் ஆஃப் ஸ்டேட்டுக்குத் தேர்ந்தெடுத்தனர்" என்ற வரிக்கு மேல் படிக்க ஓடவில்லை. எந்த மக்கள் ஐயா?

தங்களுக்குத் தெரியாததல்ல. கவுன்சில் ஆஃப் ஸ்டேட் என்பது டெல்லியில் இருந்த அன்றைய மத்திய சட்டசபையின் மேல்சபை. அதில் நம் மாகாணத்துக்கு ஐந்து இடம். முஸ்லிம்களுக்கு ஒன்று போக, மீதி நான்குக்கும் இன்று ஒடிசாவில் இருக்கும் கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை, மலபாரையும் சேர்த்து, ஒரே தொகுதி. மாகாணத்தின் ஜனத்தொகையே நான்கு கோடிக்கு மேல். ஓட்டு இருந்ததோ, இந்தியா முழுவதற்கும் சேர்த்து 17,364 பேருக்குத்தான்! ஜமீன்தார், பெரிய பட்டாதாரர், பெருந்தொகைக்கு வருமான வரி கட்டியவர், பல்கலைக்கழக செனட் உறுப்பினர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டே கிடையாது. காங்கிரஸும் அதைப் புறக்கணித்திருந்தது.

என் தாத்தா அப்போது இளவட்டம். குத்தகைக்கு உழுதவர். பண்ணை வீட்டுக் கிஸ்தி (நிலவரி) ரசீது ஒன்று எப்படியோ எங்கள் தகரப் பெட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, அரிசி மாவு தடவி ஒட்டியது. நெல் விளைவித்தது தாத்தா. ரசீதில் இருப்பது பண்ணையார் பெயர். ஓட்டுரிமையும் அந்தப் பெயருக்குத்தான்.

சாஸ்திரியார் மேல் எனக்கு மரியாதை உண்டு. கோபம் அந்த 'மக்கள்' மேல்தான். முப்பத்திரண்டு வருஷம் வரலாறு நடத்தினேன். பாடப்புத்தகத்தில் இந்த மேல்சபை, கீழ்சபை ஏற்பாட்டுக்கு 'ஈரவை முறை வந்தது' என்று ஒரே வரி. "யார் சார் ஓட்டுப் போட்டாங்க?" என்று ஒரு பையன் கேட்டபோது, பதில் தெரியாமல் அடுத்த பக்கத்துக்குப் போனேன். இன்றும் உறுத்துகிறது. 2010-இல் நம் சட்டமன்றம் மேலவையை மீண்டும் கொண்டுவரத் தீர்மானம் போட்டபோது, பழைய மேல்சபைகளுக்கு யார் ஓட்டுப் போட்டார்கள் என்று உங்கள் பத்திரிகைக்கு நான்கு பக்கம் எழுதினேன். அச்சில் வரவில்லை. கிடைத்தது என்று ஒரு கார்டுகூட வரவில்லை. சரி, இடம் இல்லாமல் போயிருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இந்த முறை நான்கு பக்கம் கேட்கவில்லை. 'மக்கள்' என்பதை 'ஓட்டுரிமை இருந்த மிகச் சிலர்' என்று திருத்தி, அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
வலங்கைமான் வட்டம்