சூன் பாண் ஓட்டோவும் பாவ்லோவின் நாயும்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள சிவா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். எனக்குச் சீனி கூடிவிட்டது. பணிஸைத் தொடவே கூடாது என்கிறார் டொக்டர்.

கடையில் பணிஸைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், மச்சான். காதை எங்கே திருப்புவது? பின்னேரம் நாலரைக்குப் பாணும் பணிஸும் விற்கும் சூன் பாண் ஓட்டோ, பேத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' மெட்டோடு ஒழுங்கைக்குள் வரும். உடனே வாய் ஊறும். கலாசாலையில் உளவியல் பாடத்தில் நித்திரை கொண்டவனுக்கு இப்போதுதான் பாவ்லோவ் விளங்குகிறார்.

அவர் உளவியலாளரே இல்லை, ஞாபகமிருக்கிறதா? சமிபாட்டை ஆராய்ந்தவர், 1904இல் நோபல் பரிசு கிடைத்ததும் அதற்கே. நாயின் உமிழ்நீர்க் கானைக் கன்னத்துக்கு வெளியே திருப்பிவிட்டுச் சொட்டுச் சொட்டாய் அளந்தார். சாப்பாடு வாயில் படுமுன்பே உமிழ்நீர் சுரந்தது அப்படித்தான் பிடிபட்டது. சாப்பாட்டுக்கு முன் மணி அடித்து நாயைப் பழக்கினார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மனுஷன் தாளமானி, பஸர் என்று பலதும் வைத்துப் பார்த்திருக்கிறார்.

பணிஸ் நிபந்தனைப்படாத தூண்டல். அதற்கு வாயூற யாரும் பழக்கத் தேவையில்லை. மெட்டோ முதலில் வெறும் மெட்டு. பணிஸுக்குக் கொஞ்சம் முன்னால் நாள்தோறும் வந்து வந்து நிபந்தனைப்பட்ட தூண்டலாகிவிட்டது. தின்று முடித்த பிறகு கேட்டிருந்தால் இவ்வளவு ஒட்டியிராது.

2022இல் பெற்றோல் இல்லாமல் ஓட்டோ வராதிருந்தபோது பழக்கம் விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். திரும்ப வந்த அன்றே ஊறியது! சத்தமே கேளாமல் இருந்தால் இது அற்றுப்போகாதாம். சத்தம் கேட்க வேண்டும், பணிஸ் வரக்கூடாது. டொக்டர் புண்ணியத்தில் இப்போது நடப்பது அதுதான். மூன்று கிழமையில் நன்றாகக் குறைந்தது. அப்புறம் மட்டக்களப்பில் ஒரு கலியாணம், பத்து நாள் கழித்துத்தான் வந்தேன். முதல் பின்னேரமே பழையபடி. பாவ்லோவின் நாய்களும் ஓய்வுக்குப் பிறகு இப்படித்தான். தன்னியல்பு மீட்சி என்று பெயர். அழிந்தது என்று நினைத்தது அடங்கித்தான் கிடந்திருக்கிறது.

மேல்மாடிப் பிள்ளையும் இதே மெட்டைப் பியானோவில் பழகுகிறாள். தொடக்கத்தில் அதற்கும் ஊறியது. பியானோவுக்குப் பின்னால் பணிஸ் வராது என்று காது சீக்கிரமே பிரித்தறிந்துவிட்டது. அவள் விடும் பிழைகளும் உதவியிருக்கலாம்.

சரி, ஒடியல் மா அனுப்புவதாகச் சொன்னாயே, மறவாதே. டொக்டரிடம் கேட்கப் போவதில்லை.

அன்புடன்,
ராசன்