யோனா கதை மீனோட முடியல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல சின்னப் பிள்ளைங்க புத்தகங்களைப் பத்தி எழுதுறதை விடாம படிக்கிறவ நான். கதை எப்படி, படம் எப்படி, எந்த வயசுக்கு ஒத்து வரும்னு நல்லா அலசி எழுதுறாங்க, ஆனா கிறிஸ்தவ வீடுகள்ல ஒரு பிள்ளை கைக்கு முதமுதல்ல வர்றது பெரும்பாலும் பைபிள் கதைப் புத்தகம்தான், அதை மட்டும் யாரும் இப்படி அலசி நான் பாத்ததில்ல. வேதத்துல இருந்து எடுத்த கதைதானே, தப்பா என்ன இருக்கப் போகுதுன்னு விட்டுடுறோம். வாங்குற நாங்களும் அப்படித்தான், அட்டையில ஆட்டுக்குட்டி படம் அழகா இருந்தா எடுத்துடுறோம். நான் பல வருஷமா சண்டே ஸ்கூல்ல பாடம் எடுக்குறேன், வீட்ல பேத்திக்கும் ராத்திரி வாசிச்சுக் காட்டுறேன், அதனால மனசுல இருக்குறதை எழுதிடுறேன்.

பேத்திக்கு ஆறு வயசு. போன மாசம் பைபிள்ல வர்ற யோனா தீர்க்கதரிசியோட கதைப் புத்தகம் வாசிச்சோம். கப்பல், புயல், கடல்ல தூக்கிப் போடுறது, மீன் முழுங்குறது எல்லாம் நல்லா கலர் கலரா இருந்துச்சு. கடைசிப் பக்கத்துல யோனா கரையில நிக்கிறாரு, பின்னால மீன் வாலை ஆட்டிக்கிட்டு சிரிக்குது, கீழ முற்றும்னு போட்டிருக்கு. பேத்தி அந்தப் பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "அப்ப அந்த ஊருக்குப் போனாரா இல்லையா பாட்டி?"ன்னு கேட்டா. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. கடவுள் யோனாவைக் கூப்பிட்டதே நினிவேங்கிற ஊருக்குப் போய் ஜனங்களை எச்சரிக்கத்தான், அவரு போக மாட்டேன்னு ஓடுனதாலதான் கப்பலும் மீனும், முதல் பக்கத்துல அதைச் சொல்லிட்டு கடைசி வரைக்கும் அந்த ஊரையே காட்டாம முடிச்சா பிள்ளை கேக்காதா?

பைபிள்ல யோனா புத்தகம் நாலு அதிகாரம், மொத்தமே 48 வசனம். அதுல மீன் வர்றது வெறும் மூணு வசனத்துல. அதுவும் பெரிய மீன்னுதான் இருக்கு, திமிங்கலம்னு படம் போடுறவங்க முடிவு பண்ணது. மீன் யோனாவைக் கரையில கக்குறதோட ரெண்டாம் அதிகாரம் முடிஞ்சிடுது, இன்னும் ரெண்டு அதிகாரம் பாக்கி இருக்கு, கதையோட உயிரே அதுலதான் இருக்கு. சரின்னு வேதாகமத்தை எடுத்து மிச்சத்தை என் வார்த்தையில சொன்னேன். நினிவே ஜனங்க மனந்திரும்பி, துக்கத்துக்குப் போடுற சாக்குத்துணியான இரட்டை உடுத்துனாங்க, ஆடு மாடு மேல கூட இரட்டைப் போத்துனாங்கன்னு சொன்னதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. கடவுள் அந்த ஊரை அழிக்காம விட்டுட்டாரு, அது யோனாவுக்குப் பொறுக்கல, ஊருக்கு வெளிய போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்துட்டாருன்னு சொன்னப்ப சிரிப்பு நின்னு போச்சு, ஏன்னா அந்தக் கோவம் அவளுக்குத் தெரியும். தனக்குக் கிடைச்ச திட்டு தம்பிக்குக் கிடைக்கலன்னா இவளும் அப்படித்தான் கதவு மூலையில போய் உக்காருவா. நிழலுக்கு ஆமணக்குச் செடி முளைச்சது, மறுநாள் பூச்சி அரிச்சு அது காஞ்சு போனது, வெயில் தலையில அடிக்கவும் யோனா சாகணும்னு புலம்புனது, எல்லாம் சொல்லி முடிச்சேன். கடைசியில கடவுள் கேக்குறாரு, நீ வளக்காத ஒரு செடிக்காக இவ்வளவு வருத்தப்படுறியே, வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல ஜனமும் அத்தனை மிருகஜீவன்களும் இருக்குற நினிவேக்காக நான் பரிதாபப்படக் கூடாதான்னு. அந்தக் கேள்வியோட புத்தகம் முடிஞ்சிடுது, யோனா பதில் சொன்னதா எங்கயும் இல்ல.

"யோனா என்ன சொன்னாரு?"ன்னு கேட்டா. எழுதலடா கண்ணுன்னேன். தூங்கிட்டான்னு நெனச்சேன், காலையில தலை பின்னி விடுறப்ப, "அவருக்குக் கோவம் போயிருக்குமா பாட்டி?"ன்னு திரும்பவும் ஆரம்பிச்சா. மீன் வயித்துல மூணு நாள் இருந்ததைப் பத்தி ஒரு கேள்வியும் கேக்கல.

சாமுவேல் கதையிலயும் இதே வேலைதான் நடக்குது. ராத்திரி பையன் ஆலயத்துல படுத்திருக்கான், கர்த்தர் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு, அங்க இருக்குற வயசான ஆசாரியர் ஏலி கூப்பிட்டாருன்னு நெனச்சு ஓடி ஓடிப் போறான், கடைசியில "சொல்லும், அடியேன் கேட்கிறேன்"னு சொல்றான். எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம், எங்க டிராமாலயும் அதோட திரை விழுந்துடும். ஆனா கர்த்தர் என்ன சொன்னாருன்னு எந்தப் பிள்ளையாவது சொல்லுமா? ஏலி வீட்டுக்கு வரப்போற தண்டனையை அந்தச் சின்னப் பையன்கிட்ட சொன்னாரு. தன்னை வளத்த பெரியவருக்கு எதிரான வார்த்தை அது. பையன் விடியுற வரைக்கும் படுத்தே கிடந்தான், எந்திரிச்சு ஆலயக் கதவைத் தொறந்தான், ஏலிகிட்ட சொல்ல பயந்தான்னு வேதத்துல அப்படியே இருக்கு. பெரியவங்களைப் பத்தின ஒரு உண்மையை மனசுல சுமந்துக்கிட்டு யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம முழிச்சுக் கிடக்குற பிள்ளைங்க எத்தனை பேரு இருக்காங்க, அவங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருக்குற இடத்தைத்தான் வெட்டி எடுத்துடுறாங்க. பிள்ளைங்க பயந்துடும்னு காரணம் சொல்றாங்க. பயம் அவங்களுக்குள்ள ஏற்கனவே இருக்குங்க, புத்தகத்துல அதைப் பாத்தா தனியா இல்லன்னு ஒரு தைரியம்தான் வரும். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு எல்லாத்தையும் சொல்லுங்கன்னு நான் சொல்லல, கெட்டி அட்டைப் புத்தகத்துல பக்கத்துக்கு ஒரு படம் ஒரு வரி போதும். கதை புரியுற வயசு வந்த பிள்ளைக்குப் பாதிக் கதை குடுக்குறதைத்தான் சொல்றேன்.

படங்களைப் பத்தி நெறைய சொல்லலாம். ஏதேன் தோட்டத்துல ஆப்பிள் இல்ல, கனின்னு மட்டும்தான் இருக்கு, குழந்தை இயேசுவைப் பாக்க வந்த சாஸ்திரிகள் மூணு பேருன்னு எண்ணிக்கையும் இல்ல, காணிக்கைதான் மூணு. அதெல்லாம் கூட பரவாயில்ல.

தமிழ் நடைதான் ரொம்ப வேதனை. படத்தை வெளியில இருந்து வாங்கிட்டு வரிகளை மட்டும் தமிழாக்கி ஒட்டுறாங்க, வாய் விட்டு வாசிச்சா நாக்கு தடுக்குது. தமிழ் எழுத்துல அச்சாகி இன்னைக்கும் நம்மகிட்ட மிஞ்சியிருக்குறதுல பழசு 1578ல வந்த தம்பிரான் வணக்கம், 16 பக்கத்துல கிறிஸ்தவ போதனையைச் சொன்ன சின்னப் புத்தகம். அத்தனை பழக்கம் இருக்குற மொழியில ஒரு பிள்ளைக்கு நாலு வரி இயல்பா எழுத முடியாதா? பழைய வார்த்தை எல்லாத்தையும் தூக்கிடுங்கன்னும் சொல்லல. பேழைன்னா என்னன்னு பிள்ளை கேட்டா நல்லதுதான். நோவாவோட பேழைக்கும், குழந்தை மோசேயை வச்சு ஆத்தங்கரை நாணல்ல விட்ட நாணற்பெட்டிக்கும் பழைய ஏற்பாட்டோட மூல மொழியான எபிரெயுல ஒரே வார்த்தைதானாம், இந்த ரெண்டு கதையிலதான் அந்த வார்த்தையே வருதாம்னு நான் ஒருநாள் கிளாஸ்ல சொன்னேன், ஒரு பையன் உடனே "அப்ப ரெண்டும் தண்ணியில காப்பாத்துன பெட்டி"ன்னான். இந்த மாதிரி ஒரு வரி கதைப் புத்தகத்துல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

இப்ப பெரியவங்க புத்தகத்துக்கு வர்றேன், ஏன்னா ரெண்டும் வேற வேற இல்ல. பாதிக் கதை கேட்டு வளந்தவங்க பெரியவங்களானா பாதி வசனத்தைத்தான் தேடுறோம். நாளுக்கு ஒரு வாக்குத்தத்தம், ஆசீர்வாதம், வெற்றின்னு வர்ற புத்தகங்களைப் பாருங்க, எரேமியா 29:11 இல்லாம இருக்காது, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே"ன்னு. அருமையான வசனம், எனக்கும் உயிர். ஆனா அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எழுதுன கடிதம், அதுக்கு முந்தின வசனத்துலயே எழுபது வருஷம் ஆகும்னு சொல்லியிருக்கு. கேட்டவங்கள்ல பாதிப் பேரு திரும்பி வர்றதைக் கண்ணால பாத்திருக்க மாட்டாங்க. அந்த எழுபதோட சேத்து வாசிச்சாத்தான் அந்த வசனம் காத்திருக்குறவங்களைத் தாங்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, வளந்த மகனைப் பறிகொடுத்தவங்க, துக்கம் விசாரிக்க வந்தவங்க குடுத்த புத்தகமே நாலஞ்சு இருந்துச்சு, எல்லாத்துலயும் சீக்கிரம் சந்தோஷம் வரும்னு எழுதியிருக்கு. ஒண்ணையும் அவங்களால ரெண்டு பக்கத்துக்கு மேல படிக்க முடியல. பைபிள்ல ஜெபப் பாட்டுங்க இருக்குற சங்கீதப் புத்தகத்துல 88ஆம் சங்கீதத்தை எடுத்து வாசிச்சோம், அது ஆறுதல் சொல்லாமயே இருட்டுல முடியுற சங்கீதம். "இப்படியும் ஜெபம் பண்ணலாமா டீச்சர்"னு கேட்டு அன்னைக்குத்தான் வாய் விட்டு அழுதாங்க.

ஜெர்மனியில திருச்சபைச் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச மார்ட்டின் லூதர் 1529ல ஒரே வருஷத்துல, விசுவாசத்தோட அடிப்படையைச் சொல்லித் தர்ற ஞானோபதேசப் புத்தகம் ரெண்டு கொண்டு வந்தாரு, பெரிசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு. சிறுசை வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்குச் சொல்லிக் குடுக்கணும்னு எழுதினாரு. நான் பெரிய படிப்பு படிச்சவன்தான், ஆனாலும் சின்னப் பிள்ளை மாதிரி தினமும் இந்தப் பாடத்தைச் சொல்லிப் பாக்குறேன்னு பெருசோட முன்னுரையில சொல்றாரு. அந்த மாதிரி, வாசிச்சுக் காட்டுற பாட்டிக்கும் கேக்குற பேத்திக்கும் சேத்து எழுதுன புத்தகம் வேணும். பிள்ளை தூங்குன பிறகு பெரியவங்க திரும்ப எடுத்துப் பாக்குற மாதிரி.

ஆசிரியர் அய்யாகிட்ட கேக்குறது இதுதான். இந்தப் புத்தகங்களையும் உங்க பக்கத்துல எடுத்து மத்த புத்தகம் மாதிரியே கறாரா எழுதுங்க. எல்லாத்தையும் படிக்க நேரம் இல்லன்னா யோனா, சாமுவேல் ரெண்டு கதையையும் தொறந்து எந்த இடத்துல நிறுத்தியிருக்காங்கன்னு பாத்தாலே போதும். பெத்தவங்களும் கடையில நின்னுக்கிட்டே அதைப் பாத்துடலாம், ரெண்டு நிமிஷ வேலை.

எங்க வீட்டுப் புத்தகத்துல பேத்தி ஒரு பேப்பர்ல காஞ்ச செடி, செடியை விடப் பெரிய பூச்சி ஒண்ணு, முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்குற யோனான்னு வரைஞ்சு, முற்றும் போட்டிருந்த இடத்து மேல பசை வச்சு ஒட்டியிருக்கா.

இப்படிக்கு,
ஒரு சண்டே ஸ்கூல் டீச்சர்