ஆனி முதல் தேதிக்குள் 3,57,000 ரூபாய் வேண்டும்: கல்லிடைக்குறிச்சி பெற்றோர் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், மும்பை, சென்னை, வளைகுடா என்று பிழைக்கப் போன நம் சொந்தங்களுக்கும் வணக்கம்.

வேதசர்மா காயப்போட்ட நெல்லை மழைவெள்ளம் கொண்டுபோகாமல் வேலியாக நின்று காத்தவர் நெல்லையப்பர். திருநெல்வேலி என்ற பேரே அதனால் வந்தது. அவரை நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தோம். மையத்தின் கையிருப்பு போதவில்லை, நாளும் நெருங்கிவிட்டது.

வளர்ச்சி பின்தங்கிய 26 பிள்ளைகள் நம் பயிற்சி மையத்துக்கு வருகிறார்கள். அதில் மூன்று குடும்பங்களைச் சேர்ந்த நாலு பேருக்கு ‘ஃப்ரஜைல் எக்ஸ்’ என்ற பரம்பரைக் குறைபாடு என்று ரத்தப் பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. இந்தப் பேரையே பலர் இப்போதுதான் கேள்விப்படுவீர்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

ஒரு குடும்பத்தின் கதையை அவர்கள் சம்மதத்தோடு சொல்கிறோம். பையனுக்கு ஏழு வயது. சட்டைக் காலரை மென்றுகொண்டே இருப்பான், கழுத்துப் பக்கம் எப்போதும் ஈரம். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நம்மைப் பிடித்திருந்தால் கையைக் கொடுப்பான், ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். நாலு வயது வரை பேச்சு வரவில்லை. “ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்” என்று ஒரு டாக்டரே சொல்லி அனுப்பியதில் இரண்டு வருஷம் போயிற்று. அவன் அம்மாவுக்கு 36 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு அறுபதுக்கு மேல் கைநடுக்கம், காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால்தான் வாய்க்குப் போகும். மூன்று பேரும் மூன்று ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். மூன்றுக்கும் வேர் ஒரே மரபணு என்று யாருக்கும் தோன்றவில்லை.

எக்ஸ் குரோமோசோமில் எஃப்.எம்.ஆர்.1 என்று ஒரு மரபணு இருக்கிறது. 1991ல் கண்டுபிடித்தார்கள். அதில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்துத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு 45க்குள் நிற்கும். 55லிருந்து 200 வரை இருப்பவர் சுமப்பவர், அதாவது தனக்கு ஃப்ரஜைல் எக்ஸ் இல்லாமலே அதைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவர். பார்க்க நன்றாகத்தான் இருப்பார், ஆனால் சுமக்கும் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நாற்பதுக்கு முன்பே மாதவிலக்கு நிற்கலாம், ஆண்களில் சிலருக்கு ஐம்பதுக்கு மேல் நடுக்கமும் தள்ளாட்டமும் வரலாம். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது அந்த எண்ணிக்கை கூடும். 200ஐத் தாண்டினால் மரபணு வேலையை நிறுத்திவிடுகிறது, மூளை வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் உண்டாவதில்லை. அதுதான் ஃப்ரஜைல் எக்ஸ். பெண் பிள்ளைக்கு இன்னொரு எக்ஸ் இருப்பதால் பாதிப்பு பெரும்பாலும் குறைவு.

அந்தத் தாய் கட்டியது அத்தை மகனை. சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளை இப்படி என்று நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அவளை ஒதுக்கினார்கள். அசலில் கட்டியிருந்தாலும் இது வந்திருக்கும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். தாத்தா அந்த எக்ஸைத் தன் மகள்கள் எல்லோருக்கும் கொடுத்தார், வேறு வழியில்லை. மகன்களுக்குக் கொடுக்கவில்லை, ஆகவே மாமாக்களுக்குச் சோதனையே தேவையில்லை. ஆனால் தூத்துக்குடியில் இருக்கும் சித்தி நிச்சயம் சுமப்பவள். அவள் பெற்ற பெண் பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு இருக்கிறதா இல்லையா என்பது பாதிக்குப் பாதி. கல்யாணப் பேச்சு எடுக்கும் முன் அவளுக்கு அது தெரிய வேண்டாமா? மூன்று குடும்பத்திலும் சேர்த்து இப்படிப் பார்க்க வேண்டியவர்கள் 22 பேர்.

இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. அதை மறைத்து உங்களிடம் பணம் கேட்க மாட்டோம். பேச்சுப் பயிற்சி, சத்தத்தையும் தொடுதலையும் தாங்கப் பழக்கும் உடல் உணர்வுப் பயிற்சி, பதற்றத்துக்கும் வலிப்புக்கும் வேண்டிய சிகிச்சை, இவை விடாமல் கிடைத்தால் பிள்ளை முன்னேறும். அந்தப் பையன் இப்போது “தண்ணி தா ஆச்சி” என்கிறான்.

நம் ஜில்லாவுக்கு இது புதிய வேலை இல்லை. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே பள்ளி நடந்தது. நம் பழைய ஜில்லாவில் இருந்த ஆய்க்குடியில், தானே சக்கர நாற்காலியில் இருந்த ராமகிருஷ்ணன் 1981ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதற்கும் முன்னால், 1906ல் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கி, பங்கு 25 ரூபாய் என்று ஊர் ஊராகக் கேட்டார். கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் என்று எங்கள் குழுப் பெரியவர் ஒருவர் கூட்டம்தோறும் சொல்வார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

கணக்கு இது. பேச்சுப் பயிற்சியாளர் மாதம் 18,000. உணர்வுப் பயிற்சியாளர் 20,000. ஆயா 8,000. வாடகை 6,500. கரண்டும் தண்ணீரும் 1,500. மாதம் 54,000, வருஷத்துக்கு 6,48,000. சோதனை ஒருவருக்கு 5,500 வீதம் 22 பேருக்கு 1,21,000. மொத்தம் 7,69,000. கையில் இருப்பது 4,12,000. பயிற்சியாளர் இருவரையும் மதுரையில் கூப்பிடுகிறார்கள். ஆனி முதல் தேதிக்குள் ஒரு வருஷச் சம்பளத்துக்கு நாம் உறுதி சொல்லாவிட்டால் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

இதுவரை தாங்கியவர்களை மறக்க மாட்டோம். அப்பளம் இடும் தாய்மார்கள் சனிக்கிழமைக் கூலியிலிருந்து ஆளுக்குப் பத்து ரூபாய் எடுத்து வைத்து உண்டியலை அப்படியே கொண்டுவந்து தந்தார்கள், எண்ணி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. உணர்வுப் பயிற்சிக்கான ஊஞ்சலை ஆசாரி கூலி வாங்காமல் செய்தார், பிள்ளை விழுந்தால் அடிபடாமல் இருக்க விளிம்பையெல்லாம் இழைத்து இழைத்து மழுக்கியிருக்கிறார். பத்தமடையிலிருந்து பாய் வந்தது. ஓய்வுபெற்ற டீச்சர் ஒரு மாதப் பென்ஷனை முழுசாகக் கொடுத்தார். பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் தனித்தனியே வசூலித்துத் தந்தார்கள். பஜார் அண்ணாச்சிமார், தாராவியில் இருக்கும் நம் பையன்கள், மஸ்கட்டிலிருந்து மாதம் தவறாமல் அனுப்பும் தம்பி, எல்லோருக்கும் இந்தத் தாய்மார்கள் கைகூப்பிச் சொல்லும் நன்றி.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. கோயில் கொடைக்கு வீட்டுக்கு 2,000 வரி என்றால் மறுநாளே கொடுத்துவிடுகிறோம். கொடுக்கத்தான் வேண்டும், அம்மனுக்குச் செய்வது. ஆனால் ஒரு ராத்திரி வெடிச் செலவு இந்த மையத்துக்கு ஒரு மாதச் செலவு. அந்த வெடிச் சத்தத்தில் நடுங்கிப்போவதும் இதே பிள்ளைகள்தான். போன வருஷம் கூட்டத்தில் கை தூக்கித் தொகை சொன்னவர்களில் 31 பேர் இன்னும் தரவில்லை. பலகையில் பேர் எழுத மாட்டோம். சொன்னது அவரவருக்கு ஞாபகம் இருக்கும்.

1,800 ரூபாய் கொடுத்தால் மையத்தின் ஒரு நாள் உங்களுடையது. பெற்றவர்கள் நினைவுநாள், பிள்ளையின் பிறந்தநாள் என்று தேதி சொல்லுங்கள், அன்றைக்கு வாசலில் அந்தப் பெயரில் கோலம் போடுகிறோம். 5,500 என்றால் ஒருவரின் சோதனை. முடியாதவர்கள் நூறு கொடுத்தாலும் ரசீது உண்டு. பணமில்லாதவர்கள் ஒரு உதவி செய்யலாம்: உங்கள் தெருவில் பேச்சு வராத பிள்ளை, கைநடுக்கமுள்ள தாத்தா என்று ஒரே குடும்பத்தில் கண்டால் எங்களிடம் அனுப்புங்கள். ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கும், அரசின் மாதம் 2,000 உதவித்தொகைக்கும், ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவு தரும் நிராமயா காப்பீட்டுக்கும் மனு எழுதிக் கொடுக்கிறோம், கட்டணம் கிடையாது.

ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தர வேண்டாம். வைகாசி கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு மையத்தில் வரவு செலவு முழுவதையும் வாசிக்கிறோம், வாருங்கள். வரும்போது கதவைப் பலமாகத் தட்ட வேண்டாம், சும்மா தள்ளினால் திறக்கும். பிள்ளைகள் உள்ளே ஊஞ்சலில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
பெற்றோர் குழு, கல்லிடைக்குறிச்சி