தேங்காய்க்கு மட்டும் எழுதிய பத்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் சினிமா இணைப்பில் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. 2021-இல் ஹாலிவுட் நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன் டிஸ்னி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டதைப் பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். இரண்டு கோடி டாலர் சம்பளம் வாங்கியவருக்கு இன்னும் என்ன வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

நான் சினிமாக்காரன் இல்லை. முப்பத்தைந்து வருடம் பேராவூரணியில் பத்திர எழுத்தராக இருந்தவன். இந்தப் படங்களைப் பேரனோடு உட்கார்ந்து தமிழில் பார்ப்பேன். கதை பாதிதான் விளங்கும். அந்த வழக்கு மட்டும் முழுசாக விளங்கியது. காரணம் ஒரு தென்னந்தோப்பு.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தோப்புக்குக் குத்தகைப் பத்திரம் எழுதினேன். முன்பணம் கொஞ்சம். அதற்கு மேல் ஒவ்வொரு வெட்டிலும் இறங்கும் தேங்காயில் நூற்றுக்கு முப்பது தோப்புக்காரருக்கு. ‘தேங்காய்’ என்றுதான் எழுதியிருந்தேன். அந்தச் சித்திரையில் குத்தகைக்காரர் குலை குலையாக இளநீரை இறக்கி லாரி ஏற்றிவிட்டார். அடுத்த வெட்டுக்கு மரத்தில் என்ன மிச்சமிருக்கும்? தோப்புக்காரர் பத்திரத்தோடு என் திண்ணைக்கு வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த வரியில் விரலை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘பிளாக் விடோ’ படத்தில் நடந்ததும் இதேதான். சம்பளத்துக்கு மேல் ஜோஹான்சனுக்கு வர வேண்டிய போனஸ், தியேட்டர் வசூலைப் பொறுத்தது. குறைந்தது 1,500 திரைகளில் பரவலாக வெளியிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததாக மனுவில் சொன்னார். 2021 ஜூலை 9 அன்று அமெரிக்காவில் படம் தியேட்டருக்கு வந்தது. அன்றே முப்பது டாலர் கட்டினால் டிஸ்னி பிளஸ் வழியாக வீட்டிலும் பார்க்கலாம் என்றார்கள். முதல் மூன்று நாளில் அந்த வழியாக மட்டும் 6 கோடி டாலர் வந்ததென்று டிஸ்னியே அறிவித்தது. இளநீர்க் காசு அது. தேங்காய்க் கணக்கில் வராது.

டிஸ்னி தரப்போ, 1,500-க்கு மேலேயே திரைகளில் போட்டோமே என்றது. பரவலாக வெளியிடுவது என்றால் தியேட்டரில் மட்டும் என்றுதான் அர்த்தம் என்றது ஜோஹான்சன் தரப்பு. ஆக, வழக்கே எழுதாமல் விட்ட ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் தொங்கியது. திட்டம் மாறினால் உங்களோடு பேசுவோம் என்று, படத்தை எடுத்த டிஸ்னியின் கிளை நிறுவனமான மார்வெலின் வக்கீல் 2019-இல் மின்னஞ்சல் எழுதியிருந்ததையும் மனுவில் காட்டினார்கள். எங்கள் தொழிலில் பத்திரத்துக்கு வெளியே பேசிய பேச்சுக்கு எவ்வளவு மரியாதை என்று எனக்குத் தெரியும்!

இன்னொன்று. உங்கள் கட்டுரையாளர் சொல்லும் அந்த இரண்டு கோடியை வெளியே சொன்னது டிஸ்னிதான், வழக்குக்குப் பதில் சொன்ன அறிக்கையில். கொரோனாக் காலத்தில் இரக்கமில்லாமல் வழக்குப் போடுகிறார் என்றும் அதில் இருந்தது. எதிர்த்தரப்பு வாக்குமூலத்தை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதலாமா? செப்டம்பர் 30-ஆம் தேதியே இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன. தொகையை வெளியிடவில்லை.

நடிகராவது பேரம் பேசலாம். கதாபாத்திரம் நிலம் மாதிரி, யார் கையில் பத்திரமோ அவர் சொன்னபடிதான். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்ற நான்கு சூப்பர் ஹீரோக்களின் கதையைப் படமாக்கும் உரிமையை பெர்ன்ட் ஐஷிங்கர் என்ற ஜெர்மன் தயாரிப்பாளர் வாங்கி வைத்திருந்தார். 1992 டிசம்பர் 31-க்குள் வேலையைத் தொடங்காவிட்டால் உரிமை போய்விடும். கெடு முடியச் சில நாள் இருக்கும்போது, குறைந்த செலவில் படம் எடுப்பதில் பேர்போன ரோஜர் கார்மனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சுமார் பத்து லட்சம் டாலரில் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். நிலத்தைத் தரிசு போட்டால் குத்தகை போய்விடுமே என்று கடைசி நாளில் ஒரு சால் உழுதுவைப்பார்களே, அப்படி. உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்தப் படம் என்று, அந்தப் பாத்திரங்களை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான் லீ பிற்பாடு சொன்னார். ஐஷிங்கர் மறுத்தார். எப்படியோ, படம் தியேட்டருக்கே வரவில்லை. அது தெரியாமல் நடிகர்கள் கைக்காசு போட்டு ஊர் ஊராக விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். 2005-இல் அதே ஐஷிங்கர் ஃபாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அதைப் பெரிய படமாக எடுத்தார், வேறு நடிகர்களை வைத்து. உரிமையைக் காத்துக் கொடுத்தவர்களைப் பற்றி ஒரு பத்திரத்திலும் ஷரத்து இருந்திருக்காது.

கூட்டுப் பட்டாவும் அங்கே உண்டு. குவிக்சில்வர் என்ற ஒரே பாத்திரம் 2014-இல் ஃபாக்ஸ் படத்தில் ஒரு நடிகராகவும், 2015-இல் மார்வெல் படத்தில் இன்னொரு நடிகராகவும் வந்தது. பிறவியிலேயே அதிசய சக்தி உள்ளவரைக் குறிக்கும் ‘மியூட்டன்ட்’ என்ற சொல் மட்டும் அப்போது ஃபாக்ஸ் வரப்புக்குள் இருந்தது.

போன வாரம் பேரன் கேட்டான். “எல்லாருக்கும் தனிப் படம் இருக்கு, ஹல்க்குக்கு மட்டும் 2008-க்கு அப்புறம் ஏன் தாத்தா வரலை?” படம் எடுக்கும் உரிமை மார்வெலிடம் இருந்தாலும், தனிப் படமாக எடுத்தால் அதை விநியோகிக்கும் உரிமை யுனிவர்சல் என்ற வேறு நிறுவனத்திடம் இருந்தது, மற்ற ஹீரோக்கள் கூட்டத்தோடு வந்தால் அந்தச் சிக்கல் இல்லை என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

“அப்போ ஹல்க் வில்லங்கத்துல இருக்காரா?”

ஆமாம் என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
பேராவூரணி